மனந்திரும்புதலும் மறைநூற் பிரமாணமும்

கிறித்தவ சமயத்தின் வாயிலில் நிற்கும் முதற்சொல் மனந்திரும்புதல் என்பது. யோவான் ஸ்நானகன் யோர்தான் நதிக்கரையில் முழங்கியதும், இயேசு கலிலேயாவில் உபதேசிக்கத் தொடங்கியபொழுது முதற்கண் விதித்ததும் இதுவே என்று மத்தேயு சுவிசேஷம் கூறும். அச்சமயத்தின் மற்றொரு நிலைக்களம் மறைநூலைப் பிரமாணமாகக் கொள்ளுதல். இவற்றுள் முன்னது உள்ளத்தின் நிகழ்ச்சி, பின்னது அறிவின் துணிபு. ஆகலின் இவை தம்முள் வேறு என்று கருதுவார் பலர். ஆயின் அச்சமயத்து நூல்களையும் அவை கற்கப்பட்ட வரலாற்றையும் ஊன்றி நோக்குவார்க்கு, இவ்விரண்டும் ஒன்றனையொன்று பற்றி நிற்பன என்பதும், ஒன்று பழுதுறின் மற்றதும் பழுதுறும் என்பதும் இனிது விளங்கும். அதனை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் சொல்லை நோக்குக. பழைய ஏற்பாட்டின் மொழியாகிய எபிரேயத்தில் இப்பொருட்குப் பெரிதும் வழங்கும் வினை 'ஷூப்' என்பது. திரும்புதல், மீளுதல் என்பன அதன் நேர்ப்பொருள். ஊரினின்றும் போந்தவன் ஊர்க்கு மீளுதலையும், இறைவனை விட்டு நீங்கினவன் அவன்பால் மீளுதலையும் அச்சொல் ஒருங்கே உணர்த்தும். வருந்துதலைக் குறித்தற்கு 'நாஹம்' என்னும் வேறொரு வினை உண்டு. புதிய ஏற்பாட்டின் மொழியாகிய கிரேக்கத்தில் 'மெட்டநோயியா' என்பது சொல். 'நூஸ்' என்பது உள்ளம் அல்லது அறிவு. 'மெட்டா' என்பது ஈண்டு மாற்றத்தைக் குறிக்கும் முன்னொட்டு. எனவே அறிவு மாறுதல், உள்ளம் வேறுபடுதல் என்பது சொல்லமைதியாற் போந்த பொருளாம். தமிழில் புராட்டஸ்டண்டு சபையாரின் பழைய மொழிபெயர்ப்பு இதனை மனந்திரும்புதல் என்றும், 1995-ஆம் ஆண்டில் வெளிவந்த திருவிவிலியம் மனம் மாறுதல் என்றும் வழங்கும். முன்னது எபிரேய வினையின் சாயலும், பின்னது கிரேக்கச் சொல்லின் சாயலும் உடையனவாதல் காண்க.

வருத்தம் ஒன்றே மனந்திரும்புதல் ஆகாதோ எனின், ஆகாது. யூதாசு தன் ஆசானைக் காட்டிக்கொடுத்துப் பின்னர்ப் பரிவுற்றான். பெற்ற முப்பது வெள்ளிக்காசையும் எறிந்தான். தன் உயிரையும் மாய்த்துக்கொண்டான். ஆண்டு மத்தேயு வழங்கும் சொல் 'மெட்டமெலொமை' என்னும் வேறொரு வினை. அது செய்ததற்கு இரங்குதலைக் குறிக்கும். இவ்வினை எவ்விடத்தும் இழிந்த பொருட்டு என்று கொள்ளற்க. முதலில் மறுத்துப் பின்னர்த் தந்தையின் சொற்படி தோட்டத்திற்குச் சென்ற மகனது உவமையிலும் அச்சுவிசேஷகர் அதனையே வழங்கினார். ஆண்டு இரக்கம் நடையாக மாறிற்று, மகன் சென்றான். யூதாசினிடத்து அது தன்னுள்ளேயே சுழன்று ஒழிந்தது. ஆகலின் இரக்கம் தொடக்கமாதல் கூடும். அது திரும்பி நடத்தலாய் முடிந்தவிடத்தே மனந்திரும்புதல் எனப் பெயர் பெறும் என்க.

இனி, இம்மனமாற்றத்திற்கும் மறைநூலுக்கும் உள்ள தொடர்பை அந்நூலே இரண்டு அரசர் வரலாற்றான் உணர்த்தும். யூதேயாவை ஆண்ட யோசியா என்பவன் தன் ஆட்சியின் பதினெட்டாம் ஆண்டில், அஃதாவது கி. மு. 622-ஐ ஒட்டி, எருசலேம் ஆலயத்தைப் பழுதுபார்ப்பித்தான். அப்பொழுது தலைமைக் குருவாகிய இல்க்கியா ஆலயத்தில் நியாயப்பிரமாண நூலைக் கண்டெடுத்தான். சாப்பான் என்னும் எழுத்தன் அதனை அரசன் முன்னிலையிற் படித்தான். கேட்ட அளவில் அரசன் தன் ஆடையைக் கிழித்துக்கொண்டான். அந்நூலின் சொல் தன் முன்னோரையும் தன் குடிகளையும் தன்னையும் குற்றங்கூறி நிற்பதை அவன் உணர்ந்தான். உல்தாள் என்னும் தீர்க்கதரிசினியிடம் ஆளனுப்பி உசாவினான். அவள், வரவிருக்கும் கேடு தப்பாதென்றும், அவன் நெஞ்சு இளகியமையால் அதனை அவன் கண் காணாதென்றும் விடையிறுத்தாள். தண்டனை நீங்காது என்று அறிந்த பின்னரும் அவன் குடிகளையெல்லாம் கூட்டி, அந்நூலைத் தானே அவர் கேட்பப் படித்து, அதன்வழி நிற்பதாக உடன்படிக்கை செய்தான். பயன் கருதாது பணிந்தமையே இவ்வரலாற்றின் உயிர்நிலை.

யோசியாவின் மகன் யோயாக்கீம். அவனது ஐந்தாம் ஆண்டில், எரேமியா சொல்லப் பாருக்கு எழுதிய ஓலைச்சுருள் அவன்முன் படிக்கப்பட்டது. குளிர்காலமாதலின் அரசன் கணப்பின் முன் அமர்ந்திருந்தான். மூன்று நான்கு பத்திகள் படிக்கப்படுந்தோறும் எழுத்தர் கத்தியால் அவற்றை அறுத்துத் தீயிலிட்டான். சுருள் முழுதும் சாம்பராயிற்று. எரிக்கற்க என்று வேண்டினார் மூவருள் கெமரியா என்பவன் சாப்பானின் மகன். தந்தைக்குப் படித்த எழுத்தன் குடியிற் பிறந்தவனே மைந்தன் முன் நின்று மன்றாடினான் என்பது கருதத்தக்கது.

இவ்விரண்டு வரலாற்றையும் மூலமொழியிற் கற்பார்க்கு ஓர் ஒற்றுமை தோன்றும். யோசியா ஆடையைக் கிழித்தான் என்னுமிடத்தும், யோயாக்கீம் சுருளை அறுத்தான் என்னுமிடத்தும் எபிரேய நூல் 'காரா' என்னும் ஒரே வினையை வழங்குகின்றது. அன்றியும், யோயாக்கீமும் அவன் ஏவலாளரும் அஞ்சவுமில்லை, தம் ஆடைகளைக் கிழிக்கவுமில்லை என்று எரேமியாவின் நூல் அதே வினையை மீட்டும் பெய்து கூறும். ஆகவே நூலுக்கும் அதனைக் கேட்பானுக்கும் இடையே கிழிபடுவது ஒன்று உளது. அது கேட்பானாகவேனும் இருத்தல் வேண்டும், நூலாகவேனும் இருத்தல் வேண்டும். நூலைப் பிரமாணமாகக் கொள்ளுதலாவது, அதனைப் போற்றி வைத்தலும் புகழ்தலும் மட்டும் அன்று. அது தன்னைக் குற்றங்கூறுமிடத்தும் அதன் முன் நிற்றலே யாம். எரிந்த சுருளுக்கு மாறாக எரேமியா மற்றொரு சுருள் எழுதுவித்தான். அதனுள் முன்னையினும் பல சொற்கள் மிகுக்கப்பட்டன.

இஃது அரசர் கதையாகவே நின்றுவிடவில்லை. ஐரோப்பாவின் சமய வரலாற்றைப் பதினாறாம் நூற்றாண்டிற் பிளந்த வழக்கும் இவ்விடத்தே தோன்றியது. அதனை அறிதற்கு அக்காலத்து வழக்காற்றைச் சிறிது அறிதல் வேண்டும்.

மேலைத் திருச்சபையில் கழுவாய் என்பது, உள்ளத்து வருத்தம், குருவினிடத்துப் பாவத்தை அறிக்கையிடல், அவர் விதித்தவாறு ஈடு செய்தல் என மூன்றாக வகுக்கப்பட்டிருந்தது. அறிவு வந்த ஒவ்வொருவரும் ஆண்டிற்கு ஒருமுறையேனும் தம் குருவிடம் அறிக்கையிடல் வேண்டும் என்று 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. குற்றம் மன்னிக்கப்பட்ட பின்னரும் எஞ்சி நிற்கும் காலத்தண்டனையைச் சபையின் புண்ணிய நிதியினின்றும் குறைக்கலாம் என்ற கொள்கையினின்று, பொதுமக்கள் பாவமன்னிப்புச் சீட்டு என்று வழங்கியது வளர்ந்தது. கொள்கையளவில் அச்சீட்டு குற்றத்தை மன்னிப்பதன்று; உள்ளம் வருந்தினார்க்குத் தண்டனையைக் குறைப்பதே. நடைமுறையிலோ, காசு கொடுத்தார் வருந்துதலையும் வாங்கிவிட்டாராகக் கருதப்படும் நிலை நேர்ந்தது. உரோமையின் தூய பேதுரு ஆலயத் திருப்பணிக்கென ஜெர்மனியில் டெட்ஸல் என்னும் துறவி இதனை அறிவித்துத் திரிந்தார். தண்டப்பட்டதில் ஒரு பகுதி மாயின்சுப் பேராயர் அல்பிரெக்ட் ஃபுக்கர் வணிகக் குடும்பத்தாரிடம் பட்ட கடனைத் தீர்க்கச் சென்றது.

இவ்வழக்காற்றிற்கு ஒரு சொல்லும் துணைநின்றது. சபையார் பயின்ற இலத்தீன் மொழிபெயர்ப்பு, சுவிசேஷத்தின் அம்முதற்கட்டளையை இருபொருள்படும் தொடரால் வழங்கியது. அதனை மனம் வருந்துக என்றும் கொள்ளலாம், கழுவாய் செய்க என்றும் கொள்ளலாம். இரண்டாம் பொருளே பெருவழக்காயிற்று. இத்தாலியராகிய லொரென்சோ வல்லா என்பார் பதினைந்தாம் நூற்றாண்டில் இலத்தீன் பாடத்தைக் கிரேக்க மூலத்தோடு ஒப்பிட்டுக் குறிப்புரை வரைந்தார். அதன் ஏட்டினை 1504-இல் லூவேன் நகரை அடுத்த மடமொன்றிற் கண்ட எராஸ்மஸ், மறுவாண்டு பாரிஸில் அச்சிட்டார். பின்னர் 1516-இல் பாஸல் நகரில் கிரேக்கப் புதிய ஏற்பாட்டைத் தம் இலத்தீன் மொழிபெயர்ப்போடும் குறிப்போடும் வெளியிட்டு, மெட்டநோயியா என்பது உள்ளம் தெளிந்து மாறுதலேயன்றி விதித்த செயல்களைச் செய்து முடித்தல் அன்று என்பதைக் காட்டினார்.

விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் மறைநூல் கற்பித்த அகுஸ்தீன் சபைத் துறவி மார்ட்டின் லூதருக்கு இச்சொல்லாராய்ச்சி வெறுங் கல்வியாக நிற்கவில்லை. அவர் 1505-இல் துறவு பூண்டது முதல், தம் வருத்தம் போதுமானதோ, அறிக்கையில் விடுபட்டது உண்டோ என்ற ஐயத்தால் நைந்தவர். தம் தலைவரும் ஆன்ம வழிகாட்டியுமாகிய ஸ்டௌபிட்ஸுக்கு 1518 மே 30-ஆம் நாள் வரைந்த முடங்கலில், முன்பு மறைநூலில் தமக்கு மிகக் கசப்பாயிருந்த அச்சொல் கிரேக்கப் பொருள் தெரிந்தபின் இனிதாயிற்று என்று குறித்தார். அதற்கு முன்னரே, 1517 அக்டோபர் 31-இல் மாயின்சுப் பேராயருக்கு அனுப்பிய தொண்ணூற்றைந்து வாக்கியங்களுள் முதலாவதனை அச்சொல்லின்மேலேயே நிறுத்தினார். அடியார் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாதல் வேண்டும் என்பதே இயேசுவின் கருத்து என்பது அதன் சாரம். ஒருமுறை செய்து கணக்குத் தீர்க்கும் செயலாயிருந்தது, உயிருள்ளளவும் நீங்காத நிலையாயிற்று. எனவே லூதர் கழுவாயை எளிதாக்கினார் என்பார் கூற்றுப் பொருந்தாது. விலை கொடுத்துத் தீர்க்கும் வழியை அடைத்தமையால் அதனை அரிதாக்கினார் என்பதே பொருந்தும்.

சொல்லின் பொருளிற் பிறந்த வழக்கு விரைவிற் பிரமாண வழக்காயிற்று. சபையின் வழக்காறு ஒன்று கூற, நூலின் மூலம் வேறொன்று கூறின், எதற்குப் பணிவது? 1519-இல் லைப்ஸிக் நகரில் எக் என்னும் புலவரோடு வாதிட்டபொழுது, பொதுச்சங்கங்களும் தவறுதல் கூடும் என்று லூதர் கூறநேர்ந்தது. 1521 ஏப்ரல் 18-ஆம் நாள் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் அவையில், எழுதிய நூல்களை மறுத்துரைக்குமாறு வினவப்பட்டார். மறைநூலாலேனும் தெளிந்த நியாயத்தாலேனும் தம்மை மறுத்துக் காட்டினாலன்றி மறுத்தல் இயலாது என்றும், தம் மனச்சான்று இறைவன் வாக்கினாற் சிறைப்பட்டது என்றும் விடை பகர்ந்தார். இதனைத் தனிமனிதன் தன் விருப்பிற்கு அளித்த முதன்மை என்று பிற்காலத்தார் பலர் புகழ்ந்தனர், சிலர் இகழ்ந்தனர். இருசாராரும் அவர் சொல்லை நோக்கிற்றிலர். தாம் விடுதலை பெற்றவர் என்று அவர் கூறவில்லை. கட்டுண்டவர் என்றே கூறினார். அடுத்த ஆண்டு புதிய ஏற்பாட்டையும், 1534-இல் முழு மறைநூலையும் ஜெர்மன் மொழியில் வெளியிட்டமையால், அக்கட்டு ஏனையோர்க்கும் உரியதாயிற்று.

அற்றேல், நூல் ஒன்றாயினும் அதற்குப் பொருள் காண்பார் பலராதலின், நூலுக்குப் பணிதல் என்பது தத்தம் கருத்துக்குப் பணிதலாய் முடியாதோ எனின், இவ்வினா வலியுடையது. வரலாறும் அதற்குச் சான்றாகும். 1529-இல் மார்புர்க் நகரில் லூதரும் சுவிஸ் நாட்டுச் சீர்திருத்தக்காரர் ஸ்விங்லியும் கூடினர். பதினைந்து உறுப்புக்களுள் பதினான்கில் உடன்பட்டவர், இறுதி விருந்தின் அப்பத்தைக் குறித்து இயேசு கூறிய சிறுதொடர் ஒன்றன் பொருளில் மாறுபட்டுப் பிரிந்தனர். இருவரும் பிரமாணமாகக் கொண்டது ஒரே நூல். உரோமைச் சபையாரோ, 1546 ஏப்ரல் 8-இல் திரெந்து சங்கத்தில், மறைநூலையும் திருத்தூதர்வழி வந்த வாய்மொழி மரபையும் ஒத்த மதிப்போடு ஏற்பதாகவும், சபை கொண்ட பொருளுக்கு மாறாக எவரும் நூற்கு உரைகாணலாகாது என்றும் வகுத்தனர். 1551-இல் அச்சங்கமே கழுவாயின் மூன்று உறுப்பையும் மீட்டும் நிலைநாட்டியது. ஆயினும் அவற்றுள் உள்ளத்து வருத்தத்திற்கு இலக்கணம் கூறுங்கால், பாவத்தை வெறுத்தலையும் இனிச் செய்யாத துணிவையும் அதனுள் அடக்கிற்று. பாவமன்னிப்புச் சீட்டின் பொருளீட்டும் இழிவழக்குக்களையும் 1563-இல் விலக்கிற்று. ஆகலின் மனமாற்றம் அகத்தது என்பதில் இருசாரார்க்கும் பிணக்கில்லை. நூலின் பொருளைத் துணிபவர் யார் என்பதே பிணக்கு.

இனி, லூதர்வழி நின்றாரிடத்தும் மற்றொரு பழுது தோன்றியது. விலையின்றி அருளால் மன்னிப்பு உண்டு என்று கேட்ட மக்கள், திரும்புதலின்றியே மன்னிப்பைக் கொள்ளத் தலைப்பட்டனர். சாக்சனி நாட்டுச் சபைகளைப் பார்வையிட்டவர்க்கென 1528-இல் மெலாங்க்தன் வகுத்த நூல், மனந்திரும்புதலை உபதேசியாது மன்னிப்பை மட்டும் உபதேசித்தல் பிழையென்று தொடக்கத்திலேயே எச்சரித்தது. கட்டளை நூலின் சொல் கிறித்தவர்க்கு வேண்டா என்ற அக்ரிகோலாவை எதிர்த்து லூதர் 1537 முதல் வாதங்கள் நிகழ்த்தினார். நூலின் கண்டிக்கும் பகுதியை நீக்கி ஆறுதல் கூறும் பகுதியை மட்டும் கொள்ளுதலும் சுருளை அறுத்தலே. கத்தி ஒன்றே வேறு. நான்கு நூற்றாண்டுகட்குப் பின் ஜெர்மானிய குரு டீட்ரிக் போன்ஹொஃபர் 1937-இல் வெளியிட்ட நூலில், மனந்திரும்புதலற்ற மன்னிப்பை மலிவான அருள் என்று பெயரிட்டுக் கண்டித்தார். இட்லர் ஆட்சியை எதிர்த்தமையால் அவர் 1945 ஏப்ரல் 9-இல் ஃப்ளோசன்பர்க் சிறைமுகாமில் தூக்கிலிடப்பட்டார்.

லூதர்தாமும் இவ்வளவைக்கு உட்பட்டவரே. 1543-இல் அவர் யூதரைக் குறித்து எழுதிய நூலில், அவர்தம் தொழுகைக்கூடங்களைத் தீயிடுமாறும் அவர் நூல்களைப் பறிக்குமாறும் கூறினார். மறைநூற் சொற்களையே அதற்கு அரணாகக் காட்டினார். தம்மைக் குற்றங்கூறக் கற்ற நூலைப் பிறரைக் குற்றங்கூறுதற்குப் படைக்கலமாக்கினார் என்பதே இதன் பழுது. இருபதாம் நூற்றாண்டில் நாத்சிக் கட்சியினர் அந்நூலை எடுத்துப் பரப்பினர். 1938 நவம்பரில் ஜெர்மனியெங்கும் யூதர் தொழுகைக்கூடங்கள் எரிந்தன.

அதன்பின் நிகழ்ந்தது ஆராயத்தக்கது. போர் முடிந்த 1945 அக்டோபரில் ஜெர்மன் இவாஞ்சலிக்கல் சபையின் தலைவர்கள் ஸ்டுட்கார்ட் நகரிற் கூடித் தம் குற்றத்தை அறிக்கையிட்டனர். அவ்வறிக்கை யூதர் பெயரை எடுத்தோதவில்லை. 1950 ஏப்ரலில் பெர்லின் வைஸன்ஸே என்னுமிடத்துக் கூடிய அச்சபையின் மாமன்றமே, யூதர்க்கு இழைக்கப்பட்ட கொடுமையில் தாம் வாளாவிருந்தும் வாய்மூடியும் பங்குகொண்டதை வெளிப்படக் கூறிற்று. 1994-இல் அமெரிக்க இவாஞ்சலிக்கல் லூத்தரன் சபை, லூதரின் அக்கடுஞ்சொற்களைப் பெயர்சுட்டி மறுத்து யூத சமூகத்தாரிடம் வருத்தம் தெரிவித்தது. தம் சபைக்குப் பெயர் தந்த ஆசிரியரையே அவர் வழியினர் மறுத்தல் முறையோ எனின், முறையே என்க. வாழ்நாள் முழுதும் மனந்திரும்புதல் என்று அவர் நிறுத்திய வாக்கியமும், நூலே உரையாசிரியனுக்கு மேற்பட்டது என்று அவர் கொண்ட துணிபும் அவரையும் உள்ளிட்டே நிற்பன. அவரை மறுத்தவிடத்தே அவர் கற்பித்தது கைக்கொள்ளப்பட்டது.

உரோமைச் சபையாரும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பினரும், மனிதன் இறைவன் முன் நீதியுடையவனாதல் அருளாலேயே என்ற அடிப்படையில் தம் பழைய கண்டனங்கள் இற்றைக்குப் பொருந்தா என்று 1999 அக்டோபர் 31-இல் ஆக்ஸ்பர்க் நகரில் உடன்பாட்டுக் கையெழுத்திட்டனர். நூற்பொருளைத் துணியும் உரிமை பற்றிய வினா அதனால் தீர்ந்துவிடவில்லை. ஆயினும், இருசாராரும் எதிரியின் பிழையை நூலில் தேடுதலை நிறுத்தித் தம் பிழையை அதிற் காணத் தொடங்கியபின்னரே ஓருடன்பாடு கைகூடிற்று.

ஆகவே, கிறித்தவ சமயத்தார் மறைநூலுக்குப் பணிதல் என்று கூறுவதன் உண்மையை அளத்தற்கு அச்சமயத்து நூலே ஓரளவுகோல் தந்துள்ளது. நூலைக் கையிற்கொண்டவன் அதனாற் பிறரை எத்துணைக் கண்டித்தான் என்பது அளவன்று. அதன் சொற் கேட்டுத் தன்னிடத்து எதனை விட்டான், எவ்வழி மீண்டான் என்பதே அளவு. இவ்வளவைகொண்டு நூற்பொருள் பற்றிய எல்லா வழக்கையும் தீர்த்தல் இயலாது. ஆனால் வழக்காடுவானுடைய உள்ளம் நூலின்கீழ் நிற்கின்றதோ, நூலின்மேல் நிற்கின்றதோ என்பதனை இதனால் அறியலாம். யோயாக்கீம் வாய்மையை அறியாதவன் அல்லன். தந்தையின் செயலைக் கேட்டறிந்தவனே. கேட்ட சொல் தன்மேற் படாதவாறு அவன் கத்தியை இடையில் வைத்தான். பிரமாணத்தை உடன்படுதலும் பிரமாணத்திற்கு உட்படுதலும் வேறு வேறாதல் இதனாற் பெறப்படும்.